பழைய லாரிக்கு அகல டயர்: கரும்பு வயலில் இறக்கும் முன் கவனிக்க வேண்டியவை

சாலை ஓட்டத்துக்கு ஓய்வு கொடுத்த பழைய டாடா 1210, லேலண்ட் காமெட் போன்ற லாரிகளை வாங்கி, அகலமான மிதவை டயர் மாட்டி, கரும்பு ஏற்றவும் தொழு உரம் இறைக்கவும் வயலுக்குள் ஓட்டலாமா என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். ஓட்டலாம். ஆனால் டயரை மாற்றினால் மட்டும் போதாது. ஏற்றும் சுமையையும் குறைக்க வேண்டும்.

சாதாரண லாரி டயரில் 100 முதல் 110 பவுண்டு வரை காற்று இருக்கும். டயரில் உள்ள காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் மண்ணின் மேல் விழும். முழுச் சுமையில் பின் அச்சில் 10 டன் என்றால் நான்கு டயர்களில் ஒவ்வொன்றும் 2,500 கிலோ, அதாவது 5,500 பவுண்டு தாங்குகிறது. இதை 110 ஆல் வகுத்தால் 50 சதுர அங்குலம் வரும். ஒரு செங்கல்லைப் படுக்க வைத்த பரப்பைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதன் மேல் இரண்டரை டன் நிற்கிறது. அதே எடையை 30 பவுண்டு காற்றுள்ள அகல டயர் தாங்கினால் 180 சதுர அங்குலத்துக்கு மேல் பரவிவிடும். சக்கரம் புதையாது, மேல்மண்ணும் அவ்வளவாக இறுகாது.

அடிமண் கதை வேறு. மேல்மண் இறுகுவது காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஒரு முழத்துக்குக் கீழே இறுகுவது அச்சின் மேல் உள்ள மொத்த எடையைப் பொறுத்தது. ஓர் அச்சில் 5, 6 டன்னைத் தாண்டினால் எவ்வளவு அகலமான டயர் போட்டாலும் பாரம் அடிமண் வரை இறங்கும். அகல டயர் போட்ட வண்டி ஈரத்திலும் புதையாமல் ஓடுவதால், சுமையைக் கூட்டத்தான் கை போகும். உண்மையான ஆபத்து இங்கேதான். மேலே தடம் தெரியாது. மறுதாம்புக் கரும்பில் வேர் இறங்காமல் நிற்கும்போதுதான் தெரியும். பிறகு உளிக் கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், அரை மீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக உழ வேண்டியிருக்கும். அதுவும் மறுதாம்பை அழித்த பிறகே முடியும். ஆகவே வயலுக்குள் பின் அச்சுக்கு 6 டன் என்பதே என் பரிந்துரை. பாதிச் சுமைதானா என்று தோன்றும். ஆமாம், பாதிச் சுமைதான்.

டயர், ரிம் தேர்வு

பழைய லாரிகளில் 9.00-20 அல்லது 10.00-20 அளவு டயர் இருக்கும். அதன் ரிம் அகலம் 7, 7.5 அங்குலம். 600/50-22.5 அளவுள்ள மிதவை டயருக்கு 20 அங்குல அகல ரிம் வேண்டும். அதனால் பழைய ரிம்மில் அகல டயர் ஏறாது. இரண்டு ரிம்மை வெட்டி ஒட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். தாங்கும் சுமை பொறிக்கப்பட்ட, ரிம் தயாரிப்பாளர் செய்த ரிம்மையே வாங்குங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து. காற்றை இறக்கியிருந்தாலும் உள்ளே சூடேறி டயர் வெடிக்கும். பழைய லாக் ரிங் ரிம்மைக் கழற்றும் முன் காற்றை முழுவதும் இறக்குங்கள். காற்று ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

பின்னால் நான்கு டயர் இருந்த இடத்தில் இரண்டுதான் வரும். டயர் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 150 என்றால் 3,350 கிலோ, 160 என்றால் 4,500 கிலோ தாங்கும். பக்கத்தில் உள்ள எழுத்து வேகம்: ஏ8 என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர், டி என்றால் 65. எந்தக் காற்றுக்கு எவ்வளவு சுமை என்ற அட்டவணையை டயர் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். இத்தகைய பண்ணை டயர்கள் நம் திருநெல்வேலி கங்கைகொண்டானிலேயே தயாராகி வெளிநாடு போகின்றன. உள்ளூரிலும் விசாரித்துப் பாருங்கள்.

600/50-22.5 டயரின் உயரம் சுமார் 117 செ.மீ. பழைய 10.00-20 டயர் சுமார் 105 செ.மீ. சக்கரம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 44க்கு மேல் ஓடும். பிரேக் பிடிப்பும் அதே அளவுக்குக் குறையும். பழைய வண்டியில் இது சிறிய விஷயம் இல்லை. புதிய சக்கரத்தின் நடுக்கோடு பழைய இரட்டைச் சக்கரத்தின் நடுவில் அமைய வேண்டும். வெளியே தள்ளினால் வீல் பேரிங் சீக்கிரம் போகும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, முன் டயர் பட்டையிலோ மட்கார்டிலோ உரசுகிறதா என்று பாருங்கள். முதல் நாள் ஓட்டிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

பார் இடைவெளியையும் கணக்கில் எடுங்கள். 600 மி.மீ. என்பது இரண்டு அடி. 3 அடிப் பாரில் அது கரும்புக் கட்டையின் மேல் ஏறாமல் போகாது. 5 அடிப் பாரில் தப்பலாம்.

சாலைக்கு வரும்போது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. வயலுக்குக் குறைத்த காற்றோடு தார்ச்சாலையில் ஓடினால் டயர் சூடேறிக் கெடும்.

இத்தனையும் பார்த்தால், ஆலை வரை கரும்பு போக வேண்டியவர்கள் லாரியை மாற்றாமல் சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, டிராக்டர் டிரெய்லருக்கு 400/60-15.5 டயர் போட்டு வயலிலிருந்து எடுத்து வருவதே நல்லது என்பேன். செலவும் குறைவு. லாரியை மாற்றுவது, வண்டி பண்ணையை விட்டு வெளியே போகாதவர்களுக்குத்தான் பொருந்தும்.

எந்த வண்டியானாலும் இறக்கும் முன் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்குத் திரியாக நீண்டால் ஈரம் அதிகம், காத்திருங்கள். உதிர்ந்தால் இறக்கலாம். முதல் ஓட்டத்திலேயே மண் பெருமளவு இறுகிவிடுவதால், திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் ஓட்டுங்கள்; அந்தத் தடத்தில் கரும்புச் சோகையைப் பரப்பி வையுங்கள்.