டீசல் வண்டியும் பேட்டரி வண்டியும்: ஷிஃப்ட் தொடங்கும் முன்

ஒரே குடோனில் டீசல் ஃபோர்க்லிஃப்டும் பேட்டரி ஃபோர்க்லிஃப்டும் ஓடினால், தினசரிப் பரிசோதனையில் டீசல் வண்டிக்குத்தான் கவனம் கூடுதலாகப் போகிறது. எண்ணெய், புகை, இரைச்சல் எல்லாம் சேர்ந்து, பழுதாகக்கூடிய வண்டி அதுதான் என்று நினைக்கவைக்கின்றன. பேட்டரி வண்டியோ சத்தமில்லாமல் சுத்தமாக நிற்கிறது. சாவியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பேட்டரி வண்டியைத்தான் இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பேன்.

சரக்கைத் தூக்கும் பாகங்களிலும் வண்டியை ஓட்டும் பாகங்களிலும் இரண்டுக்கும் பேதமில்லை. ஃபோர்க், மாஸ்ட் செயின், ஹைட்ராலிக் ஹோஸ், டயர், பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஃபோர்க் வளைந்து மேலேறும் இடத்தை மட்டும் பலர் குனிந்து பார்ப்பதில்லை. அங்கே தடிமன் 10 சதவீதம் தேய்ந்தால் தூக்கும் திறன் சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். அந்த ஃபோர்க்கை மாற்றியே ஆக வேண்டும். ஹோஸில் கசிவு தேடிக் கையால் தடவவே கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும்.

டீசல் வண்டியில் இன்ஜின் ஆயில், கூலன்ட், ஃபேன் பெல்ட், எரிபொருள் குழாய் ஆகியவற்றைக் கூடுதலாகப் பார்க்கிறோம். இவற்றில் பெரும்பாலான குறைகள் தாமே வெளியே தெரிந்துவிடும். ஆயில் கசிந்தால் தரையில் கறை படியும். பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். ஏர் ஃபில்டர் அடைத்தால் கரும்புகை வரும். புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மட்டும் நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய குடோனில் காற்றோட்டத்தைக் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

ஈய-அமில பேட்டரியில் இப்படி முன்கூட்டியே காட்டிக்கொடுப்பவை குறைவு. செல்லில் திரவம் இறங்கித் தகடு வெளியே தெரிவது மூடியைத் திறந்தால்தான் தெரியும். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகே நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. அதற்கும் மணமில்லை, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். கேபிள் உறை, கனெக்டர், பேட்டரியை இருத்தி வைக்கும் பூட்டு மூன்றையும் தொட்டு ஆராய வேண்டும். அந்த பேட்டரியின் எடையும் சேர்ந்துதான் முன்னால் தூக்கும் சரக்கைச் சமன்செய்கிறது. வண்டியின் தகட்டில் குறித்ததைவிட எடை குறைந்த பேட்டரியை மாட்டினால் வண்டி முன்பக்கம் கவிழலாம். போதாக்குறைக்கு, வண்டி வரும் சத்தம் நடந்து போகிறவர் காதில் விழாது. ஆகவே ஹாரனும் ரிவர்ஸ் அலாரமும் டீசல் வண்டியைவிட இதற்குத்தான் உயிர்நாடி.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.178 இரண்டு வண்டிக்கும் ஒரே கட்டளைதான் இடுகிறது: தினமும் ஒருமுறையாவது பரிசோதனை, இரவுபகலாக ஓடினால் ஒவ்வொரு ஷிஃப்டுக்குப் பிறகும், பாதுகாப்பைக் கெடுக்கும் குறை இருந்தால் வண்டி ஓடக்கூடாது. எழுதி வைக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நேற்றைய ஷிஃப்டில் கண்ட குறை இன்றைய ஓட்டுநருக்குத் தெரியாமலே போகும்.

குடோன் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டீசல் வண்டிக்கான பரிசோதனைத் தாளையே நகலெடுத்து பேட்டரி வண்டி ஓட்டுநரிடம் கொடுக்காதீர்கள். செல், கேபிள், கனெக்டர், பூட்டு, அலாரம் எல்லாம் இடம்பெறும் தனித் தாளைக் கொடுங்கள். அதைப் பார்த்து முடிக்க வேண்டிய நேரத்தையும் கொடுங்கள்.