இவருக்குப் பதில் இவர்

நம் மகளிர் குழுவுக்கு இது 25-ஆம் ஆண்டு. சேமிப்பு, கடன், வட்டி, வங்கி இணைப்பு எல்லாவற்றையும் கணக்கோடு வேறொரு கட்டுரையில் கொடுத்திருக்கிறார்கள். இந்த 25-ஆம் ஆண்டு மலரைத் தொகுப்பவர்கள் என்னிடம் கேட்டது வேறு. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் நாம் பேசிய பேச்சை எழுதித் தரச் சொன்னார்கள். தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாத பேச்சு அது. பதிவேட்டில் ஏறிய பெரிய தீர்மானங்களில் பாதி அந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது என்பதை உடனிருந்து பார்த்தவள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

குழு தொடங்கியது 2000-ஆம் ஆண்டு. சன் டிவியில் ராதிகாவின் ‘சித்தி’ ஓடிக்கொண்டிருந்தது. 1999 டிசம்பரில் ஆரம்பித்து 2001 நவம்பரில்தான் அது முடிந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் நம் குப்பத்தில் அப்போது டிவி இருந்த வீடுகள் ஐந்து. அதில் கேபிள் இருந்தது மூன்றில்தான். இரவானால் அந்த மூன்று வீட்டு வாசலிலும் ஊர் உட்கார்ந்திருக்கும்.

உட்கார முடியாதவர்களும் இருந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு முதல் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போகிறவர்களுக்கு இரவு எட்டு மணியே நடுச்சாமம். நம் 16 உறுப்பினரில் ஏழு பேர் அப்படி. சித்தியில் சாரதாவுக்கு என்ன ஆச்சு, பிரபாவதி இன்னும் என்ன செய்யப்போகிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக் கூட்டத்தில்தான் தெரியும். அதனால் உறுதிமொழி வாசிப்பதற்கு முன்னால் கால்மணி நேரம் கதைக்கு என்று ஆனது. யாரும் தீர்மானம் போட்டு வைத்த வழக்கம் இல்லை. 25 வருஷமாகத் தொடர்கிறது.

கதை சொல்லும் பொறுப்பை முதலில் ஏற்ற அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். ஒரு வாரத்துக் கதையை, யார் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பது வரைக்கும் விடாமல் சொல்வார். அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கதைக்குள் இருக்கும் வரை ‘சாரதா’ என்பார். கதையிலிருந்து வெளியே வந்து நடிப்பைப் பேசும்போதுதான் ‘ராதிகா’. இரண்டையும் யாராவது கலந்து பேசினால் கையமர்த்துவார். ‘அவ அழுதது வேற, இவ அழுது காட்டினது வேற’ என்பார். நடிப்பைப் பற்றி நான் அதன் பிறகு எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆள் மாற்றம் பற்றிய பெரிய சண்டையும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. தொடரில் நடிப்பவர் திடீரென்று விலகிப் புதியவர் வந்தால், திரையில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று போடுவார்கள் அல்லவா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். தெரியாதவர்களுக்கு, நேற்று வரை அண்ணனாக இருந்தவர் இன்று யாரோ ஒரு ஆள்.

நம் குழுவின் மூத்த உறுப்பினரான ஆயாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. அவர் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பார்த்து வளர்ந்தவர். பகலில் பிரசங்கி பாரதம் சொல்வார், ராத்திரி அதே பகுதியைக் கூத்தாடுவார்கள். பகல் கேட்டதை ராத்திரி பார்த்து, ராத்திரி பார்த்ததை மறுநாள் பேசி, நாள் கணக்கில் போகும் கதை. நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்குத் தொடர் பார்க்கும் பழக்கம் டிவியோடு வந்தது இல்லை என்று நான் சொல்வதற்கு ஆயாதான் காரணம்.

‘கூத்துல பாஞ்சாலி வேஷம் கல்யாணத்தன்னிக்கு ஒருத்தன் கட்டுவான், துகில் அன்னிக்கு வேற ஒருத்தன் கட்டிக்கினு வருவான். ஆளு மாறினா பாஞ்சாலி மாறிடுவாளா? துரியோதனன் கிரீடம் அதேதான்டி, உள்ள இருக்கிற தலைதான் வேற’ என்றார் ஆயா.

கதை சொல்லும் அக்கா விடவில்லை. ‘கூத்துல அரிதாரம் அப்பிகினு வர்றான், மூஞ்சி இன்னா தெரியுது? டிவியில வேஷமே மூஞ்சிதானே ஆயா. வருஷக்கணக்கா அந்த மூஞ்சியத்தானே பாத்துகினு கெடந்தோம்!’

இரண்டுமே சரியென்றுதான் எனக்கு இன்றைக்கும் படுகிறது. இதே வழக்கு அமெரிக்காவிலும் உண்டு என்று பின்னால் படித்தேன். அங்கே வீட்டிலிருக்கும் பெண்களுக்காகப் பகலில் தொடர் போட்டார்கள். சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்ததால் ‘சோப் ஆபரா’ என்றே அதற்குப் பெயர். ஆள் மாறினால், இந்த வேடத்தில் இனி இன்னார் நடிப்பார் என்று ஒரு குரல் அறிவிக்கும். 1937-இல் வானொலியில் பிறந்து 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘கைடிங் லைட்’ 72 வருஷம் ஓடி 2009 செப்டம்பரில் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில்தான் நம் ‘கோலங்கள்’ முடிந்தது.

‘மெட்டி ஒலி’ வந்த பிறகு பேச்சின் தன்மையே மாறியது. திருமுருகன் இயக்கிய அந்தத் தொடர் 2002 முதல் 2005 வரை ஓடியது. சிதம்பரமாக டெல்லி குமார். தாயில்லாத வீட்டில் தனம், சரோ, லீலா, பவானி, விஜி என்று ஐந்து பெண்கள். ஐந்து கல்யாணம், ஐந்து மாமியார் வீடு. முழுக்க நல்லவர் என்றும் முழுக்கக் கெட்டவர் என்றும் யாரையும் தள்ளிவிட முடியாதபடி எழுதப்பட்ட கதை அது. பிற்காலத் தொடர்களில் பாயசத்தில் விஷம் கலக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெட்டி ஒலி மேல் மதிப்பு ஏறுகிறது. சரோவின் கணவன் மாணிக்கமாக சேத்தன் நடித்தார். தாய் சொல்லைத் தட்டாத மகன். அந்தத் தாய் ராஜமாக சாந்தி வில்லியம்ஸ்.

நம் குழுவில் மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார், ஓரகத்தி எல்லாம் சேர்த்தே 16 பேர். ‘என் வீட்டில் இப்படி நடக்கிறது’ என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் ராஜத்தைத் திட்டலாம். மாணிக்கத்தைக் கேள்வி கேட்கலாம். ‘சரோ ஏன் அப்பா வீட்டுக்கு வந்துடக் கூடாது’ என்று ஒருத்தி கேட்டால், அவள் யாருக்காகக் கேட்கிறாள் என்பது சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரியும். மெல்ல மெல்ல அதுவே நம் பரிபாஷை ஆகிவிட்டது. ‘அவ வூட்ல மாணிக்கம்’ என்றால் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2003-இல் ஓர் உறுப்பினர் தையல் மிஷினுக்கு 4,000 ரூபாய் கேட்டார். பணம் வீட்டுக்குப் போனால் மிஷின் வராது என்று அவருக்கே தெரியும், சொல்லத்தான் முடியவில்லை. குழுவை வழிநடத்தும் ஊக்குநர் ஒன்றே ஒன்று கேட்டார்: ‘மாணிக்கம் கையில குடுக்கலாமா, சரோ கையிலயா?’ கடன் கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். பணமாகக் கொடுக்காமல், இரண்டு பிரதிநிதிகள் செங்கல்பட்டுக்குப் போய் மிஷினையே வாங்கி வந்து இறக்கினார்கள். பதிவேட்டில் ‘தையல் இயந்திரமாக வழங்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கும். ஏன் என்பது இந்த மலரில்தான் முதன்முறையாக அச்சேறுகிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தொடர் இல்லாத நாள். அலை வந்து போன பிறகு படகும் வலையும் போன வீடுகளின் கணக்கு மற்ற கட்டுரையில் இருக்கிறது, அதை நான் திரும்பச் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தபோது, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, யாரும் யாரோடும் பேசாமல் கிடந்த ஒரு சாயங்காலம், ஆயாதான் ‘அந்தப் பொண்ணு விஜிக்கு இன்னா ஆச்சு?’ என்று கேட்டார். கதை சொல்லும் அக்கா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரரின் படகு அப்போதும் கிடைத்திருக்கவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, முந்தின வெள்ளிக்கிழமையில் விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அந்த மண்டபத்தில் மற்ற குப்பத்துப் பெண்களும் நகர்ந்து வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, ஓரிரு வருஷத்தில் வீட்டுக்கு வீடு 14 அங்குலப் பெட்டி வந்தது. ஊர்ப் பெண்களுக்குக் கிடைத்த நல்ல காரியம் அது. வாசலில் கூடி உட்கார்வது மட்டும் அதோடு நின்றது. அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பார்த்தார்கள், பார்த்ததைப் பேச ஆள் தேடினார்கள். செவ்வாய்க் கூட்டத்தின் கால்மணி நேரம் அரைமணி ஆனது அப்போதுதான்.

திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ நாட்கள் அவை. 2003 நவம்பரில் தொடங்கி 1,500 பகுதிகளுக்கு மேல் போயிற்று. தேவயானியின் அபி கட்டடத் தொழிலில் இறங்குகிறாள். தந்தையின் இன்னொரு குடும்பத்து மகன் ஆதி ஒவ்வொரு அடியிலும் குறுக்கே நிற்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் ஆதியைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது கடன் ஆய்வுக்கு ஒரு வங்கி அலுவலர் வந்துவிட்டார். ‘சீரியல் பேசத்தான் குழுவா?’ என்று கேட்டுவிட்டு, எங்கள் கோப்பை இரண்டு மாதம் கிடப்பில் போட்டார். அதுவரை ஒரு தவணைகூட நாங்கள் தவறியதில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

2012 வாக்கில் மின்வெட்டு. சென்னையில் ஓரிரு மணி நேரம்தான், நம் பக்கம் நேரம் காலம் கிடையாது. வியாசர்பாடியில் மகளைக் கட்டிக்கொடுத்த ஓர் உறுப்பினர் தினமும் போன் போட்டுக் கதை கேட்டு வந்து எங்களுக்குச் சொல்வார், அது சரியா தவறா என்று சண்டை நடக்கும். சிப்பி மாலை விற்கும் உறுப்பினர் ஒருவர், மாமல்லபுரம் பெரிய பாறைச் சிற்பத்தின் எதிரே நின்று கேட்டுக் கேட்டு, ‘ஒத்தக் கால்ல நிக்கிறவர ஒரு கைடு அர்ச்சுனன்றாரு, இன்னொருத்தர் பகீரதன்றாரு. இவ்ளோ வருசமா அங்கயே முடிவு ஆவல, நீங்க சீரியலுக்கு அடிச்சிக்கிறீங்க’ என்பார். ஆயாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பாரதத்தில் தபசு மரம் ஏறுகிறவன் அர்ச்சுனன்தான், மேலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் கீழே மடியேந்தி நிற்பதை அவர் கண்ணால் பார்த்தவர்.

  

2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்று, மெட்டி ஒலி மறுபடி வந்தபோது கூட்டமே போனில்தான் நடந்தது. விஜியாக நடித்த உமா மகேஸ்வரியும் லீலாவாக நடித்த வனஜாவும் நிஜத்திலும் அக்கா தங்கை என்று நான் சொல்லியபோது பாதிப் பேர் நம்பவில்லை. மறு வருஷம் அக்டோபரில் உமா மகேஸ்வரி காலமானார், 40 வயதில். அவர்கள் அக்கா தங்கை என்ற விவரத்தைச் செய்தியில் கேட்டுவிட்டு ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்தார்கள்.

2023 செப்டம்பர் 8 காலையில் வந்த செய்தி இன்னும் பெரிய இடி. ‘எதிர்நீச்சல்’ தொடரின் டப்பிங் பணியில் இருந்தபோதே மாரிமுத்து இறந்துபோனார். கோலங்கள் எடுத்த அதே திருச்செல்வம்தான் இயக்குநர். மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் என்ற பாத்திரத்தைக் குழுவில் விரும்பியவர் ஒருவரும் இல்லை, வெறுக்காத நாளும் இல்லை. அன்று பாதி வீட்டில் மதியச் சோறு இறங்கவில்லை. பிறகு அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப்பரம்பரை’ எழுதியவர், முகத்திலேயே ஒரு அதிகாரம் உள்ளவர். குறைந்த நடிகர் என்று சொல்ல மாட்டேன். மாரிமுத்து குணசேகரனின் கோபத்துக்கு அடியில் ஒரு பயத்தை வைத்திருந்தார். தம்பி பெண்டாட்டிகள் நிமிர்ந்து பேசும்போது அவர் கண் ஒரு நொடி ஓடித் திரும்பும். அந்த ஒரு நொடியைத்தான் நாங்கள் தேடிக்கொண்டே இருந்தோம்.

ஆயா அப்போது இல்லை. அவர் 2016-இல் போனார். அவர் இடத்துக்கு மருமகள் சேர்ந்தபோது, பதிவேடு எழுதிய பெண் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘இவருக்குப் பதில் இவர்’ என்றே எழுதிவிட்டாள். வருடாந்தரத் தணிக்கைக்கு வந்தவர் அதைச் சிவப்பு மையால் சுழித்தார். நாங்கள் திருத்தவில்லை. 16 பேரில் முதல் நாளிலிருந்து இன்று வரை இருப்பவர்கள் ஐந்து பேர். மற்ற 11 பெயருக்கு எதிரேயும் அதே வாசகம்தான் இருக்கிறது.

கதை சொல்லும் அக்காவுக்கு இப்போது குரல் கம்மிவிட்டது. பழைய பகுதிகள் எல்லாம் போனிலேயே கிடைக்கிறது, கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் அவரே சொன்னார். அவர்கள் கேட்கவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஜனவரியிலிருந்து மெட்டி ஒலியை முதலிலிருந்து சொல்லிவருகிறார். இந்த மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் சரோவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். ராஜம் இன்னும் வாய் திறக்கவில்லை.