வலன்டைன் தாங்கி

வலன்டைன் தாங்கி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியா மிக அதிக எண்ணிக்கையில் கட்டிய தாங்கியாகும். படைப் பதிவேடுகளில் இது 'காலாட்படைத் தாங்கி மார்க் 3'. பிரித்தானியாவில் இதன் உற்பத்தி 1944 ஏப்ரலில் முடிந்தது. அதே மாதம்தான் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அமர்ந்தது. கண்டியிலிருந்து நடத்தப்பட்ட பர்மாப் போரில் இந்தத் தாங்கி பெயர் சொல்லும்படி உழைத்தது, பீரங்கியைக் கழற்றிய பிறகுதான்.

தோற்றம்

பிரித்தானியப் போர் அமைச்சு கேட்டு வரைந்த வண்டி அல்ல இது. விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ரோங் நிறுவனம் தன் சொந்த முயற்சியில் வரைந்து 1938 பெப்ரவரியில் அமைச்சின் முன் வைத்தது. நிறுவனம் ஏற்கெனவே கட்டிவந்த ஏ9, ஏ10 தாங்கிகளின் அடிப்பாகத்தையும் ஓட்டப் பாகங்களையும் எடுத்துக்கொண்டு, மேலே தடித்த கவசம் போர்த்தியதுதான் வடிவமைப்பின் சாரம். சுழல் கோபுரத்தில் இருவருக்கே இடம் என்பது அமைச்சுக்குப் பிடிக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தது. 1939 ஜூலையில், போர் வாசலுக்கு வந்துவிட்ட நிலையில், 275 வண்டிகளுக்கு ஆணை பிறந்தது. பாகங்கள் ஓடித் தேறியவை என்பதால், தனியாக மாதிரி வண்டி கட்டிச் சோதிக்கும் கட்டமும் விடப்பட்டது.

பிரித்தானியாவில் 6,855, கனடாவில் 1,420 என மொத்தம் 8,275 வண்டிகள் கட்டப்பட்டன. கனடாவில் இவற்றைக் கட்டியது மொன்றியல் நகரிலிருந்த ஒரு ரயில்வே பட்டறை. அங்கு செய்தவற்றில் சிலவற்றைத் தவிர மற்ற யாவும் சோவியத் ஒன்றியத்துக்குக் கப்பலேறின.

அமைப்பு

நீளம் 5.4 மீற்றர், அகலம் 2.6 மீற்றர், உயரம் 2.3 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. எடை 16 முதல் 17 தொன். அக்காலத்து மற்றொரு காலாட்படைத் தாங்கியான மட்டில்டா 2 ஏறத்தாழ 26 தொன். கவசத்தின் தடிப்பு இடத்துக்கு இடம் 8 மில்லிமீற்றரிலிருந்து 65 வரை வேறுபட்டது. உள்ளே சட்டகம் எதுவும் இல்லை. கவசத்தகடுகளையே ஒன்றோடொன்று ரிவெட் அடித்தும் போல்ட் முடுக்கியும் உடலாக்கினார்கள். வெளியே குண்டு பட்டால் ரிவெட்டின் தலை தெறித்து உள்ளிருப்பவர் மேல் பாயும் ஆபத்து இதில் உண்டு. பிற்காலத்து வண்டிகளுக்கு வெல்டிங் வந்தது.

பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள், மும்மூன்றாகச் சேர்த்து, சுருள்வில்லில் தாங்கப்பட்டவை. வலன்டைனின் உள்வகைகளுள் மார்க் 1 வண்டியில் 135 குதிரைவலுக் கொண்ட ஏஇசி பெற்றோல் எஞ்சின். மார்க் 2 முதல் டீசல். மார்க் 4 வண்டியில் அமெரிக்க ஜிஎம்சி டீசல். வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். நடந்து செல்லும் காலாட்படைக்குத் துணை போகும் வண்டிக்கு அது போதும் என்பது அன்றைய கணக்கு. வேகத்தில் பின்தங்கினாலும் நம்பிக்கையான வண்டி: வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் சில வலன்டைன்கள் தம் சங்கிலியிலேயே 3,000 மைலுக்கு மேல் ஓடின.

குறை கோபுரத்துக்குள் இருந்தது. முன்னால் தனியே சாரதி. கோபுரத்துக்குள் சுடுபவரும் தலைவரும். மூவர் வண்டியில் தலைவர்தான் எதிரியைத் தேட வேண்டும், இலக்கைச் சொல்ல வேண்டும், சாரதிக்கு வழிகாட்ட வேண்டும், வானொலியில் பேச வேண்டும், ஒவ்வொரு முறையும் பீரங்கிக்குக் குண்டு நிரப்பவும் வேண்டும். குண்டுக்காகக் குனிந்தவர் வெளியே பார்க்க முடியாது. மார்க் 3, 5 வகைகளில் கோபுரத்தைப் பெரிதாக்கி நான்காமவரை ஏற்றினார்கள். பின்னர் 57 மில்லிமீற்றர் பீரங்கியைப் பொருத்தியபோது இடம் போதாமல் மறுபடியும் மூவர் ஆயினர்.

தொடக்கத்தில் இருந்தது 40 மில்லிமீற்றர் 'டூ பவுண்டர்' பீரங்கியும் 7.92 மில்லிமீற்றர் பெசா இயந்திரத் துப்பாக்கியும். டூ பவுண்டருக்குக் கொடுக்கப்பட்டது கவசத்தைத் துளைக்கும் திண்மக் குண்டு. வெடித்துச் சிதறும் எறிகணை வழங்கப்படவில்லை. எதிரே தாங்கி வந்தால் சரி. மண்ணும் மரக்கட்டையும் கொண்டு அமைத்த பதுங்குகுழிக்கு எதிராக அந்தக் குண்டு ஒரு துளை போடும், அவ்வளவுதான்.

இந்துமாக்கடலும் பர்மாவும்

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஜப்பானின் கை மடகஸ்கர் வரை நீண்டால் கடல்வழி அறுந்துவிடும் என்ற அச்சத்தில், அடுத்த மாதமே பிரித்தானியப் படை அத்தீவின் வடமுனையில் இறங்கியது. அதனுடன் ஆறு வலன்டைன்களும் ஆறு டெட்ரார்க் இலகு தாங்கிகளும் இறங்கின.

பர்மாவில் அனுபவம் கசப்பானது. 1943 பெப்ரவரி தொடக்கத்தில் அரக்கான் கரையிலுள்ள டொன்பைக்கில் ஜப்பானியப் பதுங்குகுழிகளை உடைக்க எட்டே எட்டு வலன்டைன்கள் அனுப்பப்பட்டன. அனுப்பினால் பெருந்தொகையாக அனுப்ப வேண்டும் என்று பிரித்தானியத் தளபதி ஜெனரல் ஸ்லிம் வாதாடினார், எடுபடவில்லை. சில வண்டிகள் ஓடைப் பள்ளங்களில் சரிந்து சிக்கின. சில எறிகணைக்கு இரையாகின. தாக்குதல் தோற்றது. டூ பவுண்டரின் குறையை மட்டும் சொல்லி இத்தோல்வியை முடித்துவிட முடியாது. எட்டு வண்டிகளை அந்த நிலத்தில் தனியே விட்ட முடிவுக்கே பெரும் பங்கு. பின்னர் லீ, ஸ்டுவர்ட், ஷேர்மன் ஆகிய அமெரிக்கத் தாங்கிகள் அவ்வேலையை ஏற்றன.

கண்டியில் மவுண்ட்பேட்டன் கிங்ஸ் பவிலியனில், இன்றைய ஜனாதிபதி மாளிகையில், தங்கியிருந்த நாட்களில் பர்மா முன்னணிக்குப் போன வலன்டைன் வேறு உருவில் இருந்தது. கோபுரம் இல்லை. அதன் இடத்தில், கத்தரிக்கோல் போல நடுவில் மடிந்த பாலம். எஞ்சின் விசையாலேயே பாலம் நிமிர்ந்து விரிந்து பள்ளத்தின் மேல் படியும். எதிரி சுட்டுக்கொண்டிருந்தாலும் உள்ளிருக்கும் இருவரும் வெளியே வரத் தேவையில்லை. பாலத்தின் நீளம் சுமார் 10 மீற்றர், தாங்கும் சுமை 30 தொன். பேராதனையில் மகாவலியைக் கடக்க இது எந்த மூலைக்கும் போதாது. 1830களில் அங்கே கட்டிய மரப்பாலத்தின் வளைவே 60 மீற்றரைத் தாண்டியது. ஆனால் பர்மாவில் வண்டிகளை அடிக்கடி மறித்தவை பெரிய ஆறுகளைவிடச் செங்குத்துக் கரை கொண்ட சிற்றோடைகளே. டொன்பைக்கில் வலன்டைனை விழுங்கியதும் அத்தகைய ஓடைதான்.

கட்டளையகம் 1945 இறுதியில் சிங்கப்பூருக்குப் போனது. இந்தியாவில் எஞ்சிய வலன்டைன்களை, பாலம் சுமந்த வகை உட்பட, மகாராஷ்டிராவின் அகில்யாநகரில் (முன்னாள் அகமத்நகர்) உள்ள குதிரைப்படைத் தாங்கி அருங்காட்சியகத்தில் காணலாம்.