சத்ரியா ஜிடிஐயும் எண்ணெய்க் கோலும்

1985இல் சாகா என்னும் மலேசியாவின் முதல் தேசியக் காரை ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து வெளியிட்ட புரோட்டோன் நிறுவனம், 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியில் பெரும்பங்கை வாங்கியபின், அதன் பொறியியல் ஞானத்தையும் மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஒருங்கே இணைத்து, அந்தத் தசாப்தத்தின் இறுதியில் படைத்த சத்ரியா ஜிடிஐ, கிள்ளான் பள்ளத்தாக்கின் வேகப்பிரியர்களுக்கு அபிமான வாகனமாயிற்று.

பல கைகள் மாறிப் பழையதாகிவிட்ட அந்த வண்டியில், பிஸ்டன் வளையங்களும் வால்வு சீல்களும் தேய, எண்ணெய் எரிந்து நீலப் புகையாய் வெளியேறுவது, வயதான எஞ்சினின் சுபாவமே. ஆகையால் அதை வாங்குவோர், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்து, எண்ணெய்க் கோலை உருவித் துடைத்து, மறுபடி செருகியெடுத்து, எண்ணெய் அதிலுள்ள இரு குறிகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று வாரந்தோறும் பரிசோதிப்பது அவசியம். பட்டறைக்குப் போகும் நாள்வரை காத்திருப்பது விவேகமன்று.