வடக்கன்குளம் 'கால்சட்டை' கோவில்: சாதிக்காக கட்டிய சுவர் இடிந்த கதை

நெல்லை மாவட்டம் ராதாபுரம் தாலுகாவில், காவல்கிணறு பக்கத்தில் இருக்கிறது வடக்கன்குளம். இங்குள்ள திருக்குடும்ப ஆலயத்தை முதல்முறை பார்க்கிற யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். மற்ற சர்ச்சுகளில் நீளமாக ஒரு கூடம்தான் இருக்கும். இங்கே மட்டும் ஏன் ரெண்டு?

கால்சட்டையை விரித்துப் போட்ட மாதிரி ரெண்டு கூடங்களும் தனித்தனியாக வந்து பலிபீடத்தில் சேருகின்றன. அதனால்தான் இதற்கு 'கால்சட்டை கோவில்' என்று பேர் வந்தது.

ஒரே சாமி, ரெண்டு கூடம்

அழகுக்காக இப்படி கட்டவில்லை. காரணம் சாதி. 1872-ம் ஆண்டு கட்டி முடித்த இந்த கோவிலில் ஒரு கூடத்தில் வெள்ளாளர், முதலியார். இன்னொரு கூடத்தில் நாடார் மக்கள். நடுவே தடுப்புச் சுவர். பூசை வைக்கும் சாமியாரை ரெண்டு பக்கமும் பார்க்கலாம். ஆனால் இந்த பக்கம் இருப்பவர் அந்த பக்கம் இருப்பவரை பார்க்க முடியாது.

சுவர் இடிந்தது

பங்குத்தந்தையாக இருந்த கவுசானல் அடிகள் காலத்தில், 1910-ம் ஆண்டு அந்த சுவர் இடிக்கப்பட்டது. ஊர் சும்மா இருக்குமா? பிரிவினை மறுபடியும் வேண்டும் என்று ஒரு தரப்பினர் கோர்ட்டுக்கு போனார்கள். வழக்கு சென்னை ஐகோர்ட்டு வரை வந்தது. கிறிஸ்தவ கோவிலுக்குள் சாதியை காட்டி தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சொல்லி, ஐகோர்ட்டு அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. போன சுவர் போனதுதான்.

புனிதர் தேவசகாயம்

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, 1745-ம் ஆண்டு மே 14-ந்தேதி வடக்கன்குளத்தில்தான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவிக்கு ஞானப்பூ என்று பெயர் வைத்தார்கள். 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2022-ம் ஆண்டு மே 15-ந்தேதி போப் ஆண்டவர் பிரான்சிஸ் அவருக்கு புனிதர் பட்டம் கொடுத்தார். அப்போது அவர் பெயரோடு 'பிள்ளை' சேர்க்கப்படவில்லை. சாதிப் பெயரை எடுக்க வேண்டும் என்று அதற்கு முன்பே பலர் கேட்டிருந்தார்கள். கோவிலில் சுவர் போய் 112 வருடம் கழித்து, புனிதர் பேரிலும் சாதி போனது.

எப்படி போகலாம்?

நெல்லை - நாகர்கோவில் ரோட்டில் காவல்கிணறு வந்து, அங்கிருந்து உள்ளே போக வேண்டும். பூசை நேரத்தில் போனால் போட்டோ எடுக்காமல் இருப்பது மரியாதை. பூசை முடிந்ததும் ஒரு கூடத்தின் வாசலில் இருந்து பீடம் வரை நடந்து, அங்கே நின்று அடுத்த கூடத்தை திரும்பி பாருங்கள். நடுவே சுவர் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரியும்.

அப்படியே ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, தேவசகாயம் உடல் அடக்கம் செய்யப்பட்ட நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயம் இரண்டையும் சேர்த்து பார்த்து விடலாம். காலையில் கிளம்பினால் ஒரே நாளில் மூன்றும் முடியும்.