கலைவாணர் ஈட்டிய செல்வம்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் ஜனித்து, வில்லுப்பாட்டிலும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையிலும் தேர்ச்சி பெற்று, 1936இல் 'சதி லீலாவதி' வாயிலாகச் சினிமாவுலகில் பிரவேசித்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், நடிகை டி.ஏ. மதுரத்தோடு ஜோடி சேர்ந்து, கதாநாயகர்களுக்கு நிகரான கீர்த்தியும் திரவியமும் ஈட்டினார்.

அவரும் குற்றஞ்சாட்டப்பட்ட, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் அவர் விடுதலையடைவதற்குள், சம்பாத்தியத்தை வழக்குச் செலவு பெரிதும் அரித்துவிட்டது. 'நல்லதம்பி', 'மணமகள்' முதலிய படங்களால் மறுபடியும் பொருள் சேர்ந்தபோதிலும், வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பியறியாத அவருடைய தர்ம சிந்தை அதைத் தங்கவிடவில்லை. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், 48 வயதில் காலமான அவர் விட்டுச்சென்ற பெரும் ஆஸ்தி, கலைவாணர் என்னும் பெயரே.