ஊவாத் தோட்டங்களில் அயலார் துணையும் உடல் நலமும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. நோய் என்றதும் மருந்து, மருந்து என்றதும் வைத்தியசாலை என எண்ணவே நாம் பழகியிருக்கிறோம். ஆனால், பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களின் சரித்திரத்தைச் சற்றே புரட்டினால் வேறோர் உண்மையும் புலனாகும். மருந்து மட்டும் தனித்து நின்று எந்த லயத்தையும் காத்ததில்லை. பக்கத்துக் காம்பராவாரின் துணை சேர்ந்தபோதே அது முழுப் பலனைத் தந்தது.

கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய சீமைகளை விட்டுப் புறப்பட்ட நம் மூதாதையர், மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். ஊவாவுக்கு வரவேண்டியவர்கள் அதற்கப்பாலும் மலையேறினர். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924 இல்தான். வாந்திபேதியும் மலேரியாவும் வழியில் அநேகரைப் பலி கொண்டன. நடக்கமாட்டாதோர் பாதையோரத்திலே விடப்பட்டு மடிந்ததும் உண்டு. துணையற்றவன் கதி அன்று அதுவே.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி வேண்டுமென 1872 இலேயே சட்டம் பிறந்தது. ஆயினும் அது ஏட்டிலிருந்து லயத்துக்கு இறங்க நெடுங்காலம் சென்றது. அதுவரை மக்களைத் தாங்கியவை எவை? பிள்ளை பெறுபவளுக்கு வெந்நீர் வைத்தவள் அடுத்த காம்பராக்காரி. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். அதைக் கண்டவர் உள்ளே நுழையார். நோயைப் பரவவிடாது தடுக்கும் காவலாகவும் அந்த வழக்கம் உதவியது. சாவு நேர்ந்தால் தப்பொலி கேட்டு லயமே திரளும். செலவையும் பலர் பகிர்ந்துகொள்வர்.

மிஷன் பாடசாலையில் சுகாதாரப் பாடத்திலே கொக்கிப்புழுவின் படம் வரைந்து நல்ல புள்ளி வாங்கினோம். அது நம் பாட்டன் பூட்டன் இரத்தத்தைக் குடித்த புழு என்பதை அன்று அறிந்தோமில்லை. மலங்கலந்த ஈரமண்ணில் வளரும் அந்நுண்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். உடல் வெளுக்கும், மூச்சு வாங்கும், மலையேறிக் கொழுந்து பறிக்கக் கால் எழாது. அப்படிச் சோர்ந்தவரைச் சோம்பேறி என்று ஏசியவர்களும் உளர்!

1916 இல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவகத்தின் துணையுடன் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை ஆரம்பமாயிற்று. கீனோப்போடியம் எண்ணெயும் பேதி மருந்தும் கொடுத்தனர். புழு வெளியேறியது, ஆனால் மீண்டும் வந்தது. காரணம் யாது? மருந்து குடித்தவன் திரும்பவும் அதே மண்ணைத்தான் மிதித்தான். மலசலகூடம் கட்டப் பணம் செலவிடத் தோட்ட உடைமையாளர் பலர் தயங்கினர். கட்டினால் மட்டும் போதுமா? லயத்தில் பத்துக் குடும்பம் அதைப் பாவித்து, ஒரு குடும்பம் புதரை நாடினால், அம்மண்ணில் விளையாடும் எல்லாப் பிள்ளைகளின் காலிலும் புழு ஏறும். ஒருவன் அசட்டை மற்றவன் குழந்தையின் சோகை. ஆகவே, இந்நோயைத் தனியொருவன் வெல்ல முடியாது. அயலார் அனைவரும் ஒருப்பட்டே வெல்ல வேண்டும்.

மேலிடத்திற் கேட்டுப் பெறுவதற்கும் ஒற்றுமையே வேண்டும். 1940 இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்கள் தாமே தெரிந்தெடுத்த குழுவோடு கலந்து பேசத் துரை இணங்க நேர்ந்தது. தனியே போனால் வாசலில் நிற்கவேண்டியவர்கள், கூடிப் போனதால் செவிசாய்க்கப்பட்டனர்.

எனினும், அயலார் அன்பு உள்ளதென்று பொறுப்புடையோர் கைகட்டி நிற்றல் நியாயமன்று. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர், பெற்றோரை இழந்தனர். பூனாகலையிலும் கொஸ்லாந்தையிலும் பாடசாலைகள் புகலிடமாயின. துயருற்றோரைச் சனங்கள் அணைத்துக்கொண்டது மெய்யே. ஆனால் எச்சரிக்கை வந்த அன்றே ஒன்றுகூடி மாற்றிடம் கேட்டு, அதைப் பெறவும் முடிந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகின்றனர் என்றும், ஆண்டுதோறும் சுமார் 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்புண்டு என்றும் கூறுகிறது. நம் பாட்டிமார் ஏடறியாது நடைமுறையில் அறிந்திருந்ததை இன்று விஞ்ஞானம் எண்ணிக் காட்டுகிறது.

நாமோ படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறோம். லயத்துத் திண்ணையில் கிழவர் தனியே இருக்கிறார். நெருக்கடியான வேளையில் மனம் திறந்து பேச வாலிபனுக்கும் ஆளில்லை. மதுக்குப்பி மட்டும் அவனுக்குத் தோழனாகிறது. பெரியோர்களே, லயத்தின் பழைய கதைகளை எமக்குச் சொல்லுங்கள், எமக்கு வழிகாட்டுங்கள். வாலிபத் தோழர்களே, திருவிழாவுக்கு மட்டும் ஊர் வந்து திரும்பாது, வரும்போதெல்லாம் ஒரு காம்பராவின் வாசலிலாவது அமர்ந்து, “சுகமா இருக்கீங்களா?” என்று கேட்போம், சொல்வதைப் பொறுமையுடன் செவிமடுப்போம். கிளினிக்குக்குப் போக அஞ்சுபவருடன் துணைக்குப் போவோம். மலை வெடிப்புக் கண்டால் ஒருமித்து முறையிடுவோம்.

காட்டு வழியில் கைவிடப்பட்டோரின் வழித்தோன்றல்கள் நாம். இனி ஒருவரையும் வழியில் விடாதிருப்போமாக.